இலை மோடில் எடுத்த ஏலக்காய்

அந்தக் கேமரா இன்னும் என்னிடம் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன டிஜிட்டல் கேமரா. மேலே ஒரு சக்கரம், அதைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் படங்கள். ஒரு முகம், ஒரு மலை, ஓடுகிற ஆள், பிறை, பூ, இலை. நடுவில் ஆட்டோ, பி என்று எழுத்துகளும் உண்டு. எதை எடுக்கப் போகிறோமோ அந்தப் படத்துக்குச் சக்கரத்தைத் திருப்பிவிட்டால் போதும், வெளிச்சம், வேகம், நிறம் எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்ளும். மோடு என்று இதைத்தான் சொல்வார்கள்.

எலக்ட்ரானிக்ஸ் பொறியியல் முடித்துவிட்டு, வேலைக்கான கடிதம் எப்போது வரும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்த வருடம் அது. போடியில் அப்பாவுக்கு ஏலக்காய்க் கடை. மலைத் தோட்டங்களிலிருந்து வரும் காயை வாங்கி, சலித்து, பெண்களை வைத்துத் தரம் பிரித்து, வெளியூர்க் கடைகளுக்கு மூட்டையாக அனுப்புவது தொழில். எங்கள் வீட்டில் அப்போது இருந்த போன்களில் எடுத்தால் ஏலக்காயும் நிலக்கடலையும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் கல்லூரி நாட்களில் வாங்கிய இந்தக் கேமராவைக் கடைக்கு எடுத்துப் போனேன். சரக்கைப் படமெடுத்து, வாங்குகிறவர்களுக்கு அனுப்பலாம் என்பது என் யோசனை. யாரும் கேட்காத யோசனை.

அப்பாவிடம் காய் வாங்குகிறவர்களில் மூத்தவர் ஒரு கும்பகோணத்துக்காரர். பெரிய கடைத்தெருவில் மளிகை மொத்த வியாபாரம். இருபது வருடத்துக்கு மேல் பழக்கம் என்றாலும் இரண்டு பேரும் நேரில் பார்த்தது ஆரம்பத்தில் ஒரே ஒரு முறை. மற்றதெல்லாம் போனில்தான். அவர் மாதிரி கேட்க மாட்டார். மாதிரி என்றால் ஒரு கைப்பிடி காயைக் கவரில் போட்டு முன்னால் அனுப்புவது. வாங்குகிறவர் அதை முகர்ந்து, உடைத்து, பார்த்துவிட்டுச் சரி என்பார். எல்லாரும் கேட்பார்கள். இவர் மட்டும் கேட்டதில்லை. அப்பா போனில் சொல்வதே அவருக்கு மாதிரி.

அப்பா சொல்வதற்கு ஒரு முறை உண்டு. குறையை முதலில் சொல்வார்.

"அண்ணே, முதல்ல குறையச் சொல்லிர்றேன். நூறு காய எடுத்தா ஏழெட்டு வாய் பொளந்திருக்கு. நெறம் போன தடவை அளவுக்கு வராது. மணம் இருக்கு. மேல என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்கும். "சரி தம்பி, ரெண்டு மூட்டை போடு."

சின்ன வயதிலிருந்தே நான் கேட்டு வளர்ந்த பேச்சு இது. பொறியியல் படித்தபிறகு எனக்கு அது கொஞ்சம் சங்கடமாக இருந்தது. தன் பொருளைத் தானே குறை சொல்லி விற்கிற மனிதர் என் அப்பா. படம் வந்துவிட்டால் இந்தப் பேச்சு தேவைப்படாது என்று நினைத்தேன்.

முதல் வாரம் ஒரு படம்கூடத் தேறவில்லை. ஏன் என்று நீளநோட்டில் எழுதினேன். ரொம்பக் கிட்டத்தில் போனதால் ஃபோகஸ் பிடிக்கவில்லை. கை ஆடியது. ஃபிளாஷ் பட்டுக் காயின் தோல் வெள்ளையாக மினுங்கியது. டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாமே நோயாளியைப் போல இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு வழி எழுதினேன். கிட்டத்தில் எடுக்கப் பூப் படம் போட்ட மேக்ரோ. கை ஆடாமலிருக்கக் கவிழ்த்த எண்ணெய் டின்னின் மேல் கேமராவை வைத்து, பொத்தானை அமுக்கியபிறகு இரண்டு நொடி கழித்துப் படம் எடுக்கும் டைமர். ஃபிளாஷை நிறுத்திவிட்டு, காலை பத்து மணிக்குச் சந்துப்பக்க ஜன்னலில் வருகிற வெளிச்சம். அடியில் வெள்ளை வேட்டித்துணி. காய்கள் பளிச்சென்று விழுந்தன. தோலில் ஓடும் கோடுகளைக்கூட எண்ணலாம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

தெளிவு கிடைத்ததும் நிறத்துக்குப் போனேன். தட்டில் இருபது காய்களைப் பரப்பி, சக்கரத்தில் உள்ள ஒவ்வொரு மோடிலும் ஒரு படம் எடுத்தேன். கடைக் கம்ப்யூட்டரில் வரிசையாகத் திறந்து வைத்து நோட்டில் அட்டவணை போட்டேன். மோடு, தெளிவு, நிறம், பத்துக்கு எத்தனை மதிப்பெண். ஆட்டோவுக்கு நிறத்தில் ஐந்து, பக்கத்தில் 'மங்கல்' என்று ஒரு குறிப்பு. முகம் போட்ட மோடுக்கு நான்கு. இலை போட்ட மோடுக்கு ஒன்பது. அதில் காய்கள் அப்போதுதான் செடியிலிருந்து பறித்தவை போல இருந்தன.

அந்த நோட்டையும் இன்னும் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அட்டவணையின் தலைப்பு வரிசையைத்தான் பார்ப்பேன். எது அழகாக இருக்கிறது என்று கேட்டு மதிப்பெண் போட்டிருக்கிறேன். எது தட்டில் இருந்த காயைப் போல இருக்கிறது என்று கேட்கிற கட்டம் ஒன்றுகூட அதில் இல்லை. ஆட்டோ ஐந்து வாங்கியதற்குக் காரணம், அந்தக் காயே ஐந்துதான் என்பது. நான்கு வருடம் ஆய்வகத்தில் உட்கார்ந்து, அளக்கும் கருவியை முதலில் சரிபார்க்க வேண்டும் என்று படித்தவள் நான்.

தரம் பிரிக்கிற பெண்களில் ஒரு அக்கா இருந்தார். முறத்தைத் தட்டுகிற தட்டில் பச்சைக்காய் ஒரு பக்கம், வெளுத்த காய் ஒரு பக்கம் என்று தனித்தனியாக விழ வைப்பார். ஒரு நாள் டீ குடிக்க எழுந்தவர் என் தோளுக்கு மேலே கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார்.

"ஏத்தா, இது எந்த ஊருக் காயி?"

"நம்ம காய்தான்க்கா. நீங்க காலைல பிரிச்சது."

"நான் பிரிச்சதா? ஏய், இங்கன வந்து பாருங்களேன்டி. நாம முறத்துல போட்டது ஒண்ணு, இங்கன மொளச்சிருக்கறது ஒண்ணு." மற்ற பெண்கள் சிரித்தார்கள். "கல்யாணப் பொண்ணுக்குப் பூசுற மாதிரி பூசிவிட்டிருக்கு பாப்பா. முதலாளி பாத்தாகளா?"

"வெளிச்சம் சரியா இருந்தா இப்பிடித்தான்க்கா தெரியும்."

"இருக்கும், இருக்கும். எங்களுக்கு என்னத்தத் தெரியும். இந்த ரெண்டு கண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

நானும் சிரித்தேன். ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் காய்களின் நிறத்தைப் பார்த்து ஒதுக்குகிற கண், போகிறபோக்கில் சொன்னதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டேன்.

அப்பா படத்தை நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தரம், போட்டுக்கொண்டு ஒரு தரம்.

"பச்சை தூக்கலா இருக்கேத்தா."

"நம்ம கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரியும்ப்பா."

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. படிக்க வைத்த பெண் சொல்கிறாள், சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கைதான் காரணம். அவர் கேள்வி கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது என்பதும் இப்போது புரிகிறது.

முதல் இரண்டு மூன்று சரக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல பருவத்துக் காய், உண்மையிலேயே பச்சை. படத்தைப் பார்த்த கும்பகோணத்துக்காரர் "நம்ம பாப்பா படத்துல காய எடுத்து வாயில போட்டுக்கலாம் போலருக்கு" என்று பாராட்டினார். அப்பா அதை வீட்டில் அம்மாவிடம் இரண்டு முறை சொன்னார்.

அடுத்து வந்தது கடைசி எடுப்புக் காய், அந்தப் பருவத்தின் கடைசிப் பறிப்பு. மலையில் மழை விடாமல் பிடித்துக்கொண்ட நேரம். காய வைத்ததில் நிறம் இறங்கிவிட்டது. மணத்தில் குறையில்லை, ஆனால் வெளிறு. அதையும் அதே எண்ணெய் டின், அதே ஜன்னல், அதே இலை மோடில் எடுத்து அனுப்பினேன். படத்தில் அது போன தடவைக் காயைவிடக் கொஞ்சம்தான் மட்டமாகத் தெரிந்தது.

அன்று மதியம் அப்பா கும்பகோணத்துக்குப் போன் போட்டார். நான் பக்கத்து மேசையில்தான் இருந்தேன்.

"அண்ணே, முதல்ல குறையச் சொல்லி…"

நான் கையை ஆட்டினேன். "படம் போயிருச்சுப்பா" என்று உதட்டை அசைத்துச் சொன்னேன். கம்ப்யூட்டரைச் சுட்டிக் காட்டினேன்.

அப்பா என்னைப் பார்த்தார். போனைக் காதில் வைத்தபடி ஒரு கணம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்: "பாப்பா படம் அனுப்பியிருக்கு. நீங்களே பாத்துக்கங்கண்ணே."

சரக்கு லாரியில் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக "வந்துச்சு, பிரிச்சுப் பாத்துட்டேன், நீ சொன்ன மாதிரியே இருக்கு" என்று பேசுகிறவர், இந்த முறை "வந்துச்சு" என்பதோடு வைத்துவிட்டார். திருப்பி அனுப்பவில்லை. விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து அடுத்த சரக்குக்கு அவரே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"தம்பி, இனிமே ஒரு கைப்பிடி மாதிரி அனுப்பிடேன். கூரியர்ல போட்டாலும் சரி, பஸ்ல குடுத்து விட்டாலும் சரி."

"அனுப்பிர்றேண்ணே" என்றார் அப்பா.

போனை வைத்தபிறகு அவர் எழுந்து அலமாரிக்குப் போனார். அனுப்புகிற ஒவ்வொரு சரக்கிலும் கொஞ்சம் எடுத்துச் சின்ன டப்பாவில் வைப்பது எங்கள் கடை வழக்கம். கடைசி எடுப்புக் காயின் டப்பாவைத் திறந்து, ஒரு பிடி எடுத்து வந்து என் கீபோர்டுக்குப் பக்கத்தில் கொட்டினார்.

"அந்தப் படத்தத் தெற."

திறந்தேன்.

"இதுவும் அதுவும் ஒண்ணாத்தா?"

மேசையில் கிடந்த காய்கள் காய்ந்த புல்லின் நிறத்தில் இருந்தன. திரையில் தளிர்ப் பச்சை. இரண்டையும் இப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். மூன்று மாதமாக நான் ஒரு முறைகூட அதைச் செய்யவில்லை.

கேமராவை எடுத்துச் சக்கரத்தைக் காட்டி விளக்கினேன். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"இந்த இலைப் படம் எதுக்குப் போட்டிருக்கான்?"

"மரம், செடியெல்லாம் எடுக்கறப்ப இலைய இன்னும் பச்சையாக் காட்டறதுக்குப்பா."

"இலை பச்சையாத்தானத்தா இருக்கும். அதுக்கு எதுக்கு இது?"

கேமராவை அணைத்து மேசையில் வைத்தேன். கும்பகோணத்துக்காரருக்கு நானே போன் பண்ணி, தப்பு என் பேரில் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். அப்பா கையைக் காட்டித் தடுத்தார்.

"வேண்டாம். புள்ளை மேல போட்டுட்டுத் தப்பிச்சுக்கிட்டான்னு நெனப்பாக. கடை நம்மது. படமும் நம்மதுதான்."

நானும் விட்டுவிட்டேன். அப்பா சொன்னதால்தான் விட்டேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வேண்டாம் என்றபோது எனக்கு வந்தது நிம்மதி என்பதை ஒப்புக்கொள்ள இன்னும் நாளானது.

அதற்குப்பிறகு செய்ததை எல்லாம் முறையாகச் செய்தேன். சக்கரத்தை இலையிலிருந்து எடுத்து, நாமே நிறத்தைச் சரிசெய்ய விடுகிற பி என்ற எழுத்துக்குத் திருப்பினேன். அந்த ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளைக் காட்டி, எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் காய்க்குப் பக்கத்தில் அந்தத் தாளின் ஒரு மூலை தெரிகிற மாதிரி வைத்தேன். எடுத்ததும் காயைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். முறம் தட்டுகிற அக்காவையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இப்பத்தான் மொகம் கழுவியிருக்கு" என்றார் அவர்.

அந்தப் படங்களைக் கும்பகோணத்துக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது. படம் நன்றாக இருக்கிறது, மாதிரி எப்போது வரும்?

அந்தக் கார்த்திகையில் கும்பகோணத்துக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். வேனில் வருகிறோம், சுருளி அருவியில் குளித்துவிட்டுக் கம்பம் வழியாக மலையேறுவோம், முடிந்தால் அங்கே வா என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்பா என்னையும் அழைத்தார். தேவாரம், கோம்பை வழியாகப் பைக்கில் போனோம். அப்பா சட்டைப் பையில் அடுத்த சரக்கின் மாதிரிக் கவர். என் தோள்பையில் கேமரா. சுருளிப்பட்டி தாண்டித் திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே போகும்போது ஒருமுறை பின்னால் திரும்பி, "அங்கன போயி அதப் பத்திப் பேசிராத" என்றார். நான் சரி என்றேன்.

கறுப்பு வேட்டியில், ஈரத்தலையோடு நின்ற பெரியவரை அப்பா குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்பட்டார்கள். இருபது வருடம் போனில் அண்ணே, தம்பி என்றவர்கள், மாலை போட்டிருந்ததால் இப்போது சாமி என்று கூப்பிட வேண்டியிருந்தது. அப்பா கவரைக் கொடுத்தார். அவர் அங்கேயே பிரித்து, ஒரு காயை நகத்தால் கீறி முகர்ந்தார். தலையை ஆட்டினார். அப்பா அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வேறெங்கேயாவது பார்க்க வேண்டும் போல இருந்தது.

அப்பா டீ வாங்கப் போனார். இரண்டு நிமிடம் கிடைத்தது.

"சாமி, அந்தக் கடைசி எடுப்புக் காய். படத்தை நான்தான் எடுத்தேன். கேமராவுல ஒரு மோடு இருக்கு, அது பச்சையக் கூட்டிக் காட்டிரும். எனக்கு அது தெரியல. அப்பாவுக்கும் தெரியாது."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்புதான்.

"படத்தப் பாத்தா நான் காய் வாங்குறேன்? வெளிறு காயும் எங்க ஊர்ல போவும்மா. அல்வா போடுறவனுக்கு மணம் இருந்தாப் போதும்." நிறுத்திவிட்டுத் துண்டைப் பிழிந்தார். "மாலை போட்டுக்கிட்டு மறைக்கக் கூடாது. உங்கப்பா எப்பவும் கொறையத்தான் முதல்ல சொல்லுவாரு. அன்னிக்கும் ஆரம்பிச்சாரு. பாதியில நிறுத்திட்டாரு. அந்த நிறுத்துனது எனக்குக் கேட்டுச்சு. மூட்டையப் பிரிச்சப்ப, ஓ, தெரிஞ்சேதான் நிறுத்தியிருக்காருன்னு நெனச்சுட்டேன்."

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

"அப்படியா" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டார். "அது எனக்குத் தெரியாமப் போச்சே."

நிறத்துக்குத்தான் தண்டனை என்று நான் இத்தனை மாதமாக நினைத்திருந்தேன். வெள்ளைத் தாள், பி எழுத்து என்று திருத்தியதெல்லாம் நிறத்தைத்தான். பெரியவர் இழந்தது அதை அல்ல, அப்பாவின் வாய்ச்சொல்லை.

"இனிமே மாதிரி வேண்டாம்ல சாமி?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இருக்கட்டும்மா, வரட்டும். கடையில இப்ப என் மகன் உக்காருறான். அவன் மாதிரியப் பாத்து வாங்கித்தான் பழகிட்டான். நான் போயி, வேண்டாம், அவரு வாய்ச்சொல்லே போதும்னா அவனுக்குப் புரியாது."

அப்பா மூன்று டீயோடு வந்தார். வேனில் வந்த இன்னொரு சாமி என் பையில் கேமராவைப் பார்த்துவிட்டு, இரண்டு பேரையும் சேர்த்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். இரண்டு பேரும் தோளை ஒட்டாமல் பக்கத்தில் நின்றார்கள்.

"எங்களையும் பச்சையாக் காட்டிராதம்மா" என்றார் பெரியவர். அப்பா சட்டென்று என்னைப் பார்த்தார். நான் பேசிவிட்டேன் என்று தெரிந்துகொண்டார். அந்தப் படத்தில் இரண்டு பேரும் தெளிவாக இருக்கிறார்கள். பெரியவர் சிரிக்கிறார், அப்பா கேமராவைப் பார்க்கவில்லை.

இப்போது எனக்குத் தேனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை போடிக்குப் போனால் கடையில் கொஞ்ச நேரம் உட்காருவேன். கும்பகோணத்துக்கு மாதிரிக் கவர் போகிற வாரமாக இருந்தால் நான்தான் அதை ஒட்டி விலாசம் எழுதுவேன். அப்பா இன்னும் குறையைத்தான் முதலில் சொல்கிறார். முன்பைவிட அதிகமாகவே சொல்கிறார். குறை இல்லாத காயிலும் ஒன்றைத் தேடி எடுத்து வைத்துக்கொள்கிறார். போன வாரமும் நான் இருந்தபோது போன் போட்டார். எடுத்தது அந்த மகன்.

"தம்பி, முதல்ல குறையச் சொல்லிர்றேன். இந்தத் தடவ காம்பு…"

"மாதிரி வந்துருச்சு மாமா. பாத்துட்டேன். மூணு மூட்டை போட்டுடுங்க."

அப்பா கையிலிருந்த காயைத் தட்டில் போட்டார். பிறகு, "சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.